எட்டு ஃபேக்டோரியலுக்கு இரண்டு விடை

2024 ஜூலை 8, திங்கள்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. கணினி ஆய்வகப் பொறுப்பாளரின் மேசையில் இரண்டு அச்சுத்தாள்கள். ஒரே மாணவி எழுதிய ஒரே சி நிரல், வரி பிசகாமல், ஒரே கணினியில் ஓடியிருக்கிறது. எட்டு ஃபேக்டோரியல் எவ்வளவு என்று கேட்டால் ஒரு தாள் 40320 என்கிறது. மற்றது -25216 என்கிறது.

"எது சார் ரெக்கார்டுல எழுதறது?"

கணக்குப்படி 40320தான். ஆனால் மைனஸ் விடை தந்த கம்பைலர் பழுதானதல்ல. அது டர்போ சி++ 3.0. போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காகச் செய்தது. அதில் 'இன்ட்' என்றால் 16 பிட். 32767 வரைதான் தாங்கும். அதைத் தாண்டிய 40320-இல் 65536 கழிந்துபோய் -25216 ஆகிவிடுகிறது. 40320 தந்தது உபுண்டு லினக்ஸில் உள்ள ஜிசிசி கம்பைலர்; அதில் இன்ட் 32 பிட். அதற்கும் ஆணவம் வேண்டாம். 13 ஃபேக்டோரியல் கேட்டால் அதுவும் உளறும்.

இந்தக் காலத்தில் டர்போ எதற்கு என்று வெளியாட்கள் கேட்பார்கள். 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் பழைய டாஸ் கணினிபோல் நடித்து அதை ஓடவைக்கிறது. சி++ மொழிக்குச் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-இல். டர்போ அதற்கும் மூத்தது. ஆனாலும் டர்போவின் நீலத்திரையில் படித்தவர்கள் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள். பாடக்குறிப்பும் அவர்களோடு வந்துவிட்டது. பொறுப்பாளருக்கு இதில் கோபம் உண்டு. டாஸ்பாக்ஸை நீக்க மட்டும் துணிவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பென் டிரைவில் நிரல் கொண்டுவந்தார். கட்டடச் சட்டகங்களின் அதிர்வைக் கணக்கிடுவது. அவருக்கு முந்தைய மாணவர்கள் எழுதி எழுதிச் சேர்த்தது. வீட்டுக் கணினியில் சிக்கலில்லை. இங்கே "ஒரே பெயருக்குப் பல வரையறைகள்" என்று பக்கம் பக்கமாகப் பிழை.

நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது கம்பைலர். வீட்டில் ஜிசிசி 9. ஆய்வகத்து உபுண்டு 22.04-இல் ஜிசிசி 11. தலைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு பொது மாறியை அறிவித்து, அந்தக் கோப்பை மூன்று இடங்களில் சேர்த்திருந்தார்கள். பழைய ஜிசிசி மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 அந்தத் தாராளத்தை நிறுத்திவிட்டது.

சரியான மருந்து, தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டர்ன்' சேர்த்து ஒரே இடத்தில் வரையறுப்பது. மாணவர் வியாழக்கிழமை வழிகாட்டியைப் பார்க்க வேண்டும். ஆகவே ஜிசிசி 9-ஐயும் நிறுவினார் பொறுப்பாளர். இரண்டும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. வெறுமனே 'ஜிசிசி' என்பது அங்கே ஒரு கம்பைலரே அல்ல, எண்ணுள்ள கம்பைலர் ஒன்றைக் காட்டும் இணைப்பு மட்டுமே.

ஜூலை 10, புதன்

வந்தது வினை. நிரலைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய மாணவருடைய மேக் கோப்பில் பல இடங்களில் வெறும் 'ஜிசிசி' என்று இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றச் சோம்பல். டெபியன் குடும்பத்து லினக்ஸ்களில் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்று ஒரு கருவி உண்டு. அதில் பதிவுசெய்த கம்பைலர்களைப் பட்டியல் போட்டு, எண்ணைத் தட்டச் சொல்லும். தட்டினால் கணினி முழுவதற்கும் 'ஜிசிசி' என்ற பெயர் அந்தப் பதிப்புக்குப் போய்விடும். சி++ கம்பைலரை அதற்குத் துணையாகக் கட்டிவைக்க வேண்டும். மறந்தால் சி ஒரு பதிப்பிலும் சி++ வேறொரு பதிப்பிலும் ஓடும்.

பொறுப்பாளர் மறக்கவில்லை. 9-ஐத் தட்டினார். நிரல் ஓடியது. தேநீர் குடிக்கப் போனார்.

ஜூலை 11, வியாழன்

காலையில் ஆய்வகக் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை. திரையில் பெரிய பெரிய எழுத்துகள். இரவில் லினக்ஸின் மையமான கர்னல் 6.5-க்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் கார்டுக்கான டிரைவர் அங்கேயே புதிதாகக் கம்பைல் ஆகும். பதிவேட்டைத் திறந்தால் ஒற்றை வரி: இந்த விருப்பத்தை அறியேன் என்கிறது ஜிசிசி. மாறிகளுக்குத் தொடக்கத்திலேயே பூஜ்யம் நிரப்பச் சொல்லும் விருப்பம் அது. ஜிசிசி 12-இல்தான் வந்தது. கர்னலைக் கட்டியதும் 12-தான். டிரைவர் 'ஜிசிசி' என்று கூப்பிட, நேற்று அவர் நிறுத்திவைத்த 9 எழுந்து வந்திருக்கிறது.

பழியைப் போட வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜிசிசி 12-ஐ நிறுவி, பெயரை அதற்குக் கொடுத்து, டிரைவரை மறுபடி கட்டினார். அரை நாள் போனது.

கர்னலுக்கு ஒரு கம்பைலர், மற்றவற்றுக்கு வேறு என்பது புதிய கதையல்ல. 2000-இல் ரெட் ஹாட் லினக்ஸ் 7, ஜிசிசி 2.96 என்ற பதிப்போடு வந்தது. அப்படியொரு பதிப்பை நாங்கள் வெளியிடவே இல்லை என்று ஜிசிசியின் வழிநடத்தும் குழு அறிக்கை விட்டது. கர்னலைக் கட்ட மட்டும் 'கேஜிசிசி' என்று பழைய கம்பைலர் ஒன்றைத் தனியாக அதே லினக்ஸில் வைத்திருந்தார்கள். குழப்பம் கூடாதென்று 2.96 என்ற எண்ணை ஜிசிசி பிறகும் பயன்படுத்தவில்லை; அடுத்த பெரிய பதிப்பாக 2001-இல் வந்தது 3.0.

ஜூலை 12, வெள்ளி

ஆராய்ச்சி மாணவர் மறுபடி வந்தார். இங்கே ஜிசிசி 9-ஆல் கட்டிய நிரலைத் துறை அலுவலகத்து உபுண்டு 20.04 கணினிக்குக் கொண்டுபோனால் ஓடவில்லையாம். "அங்கயும் ஜிசிசி 9 தானுங்க சார் இருக்கு!"

கம்பைலர் ஒன்றுதான், நூலகம் வேறு. 22.04-இல் சி நூலகமான ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதிய நூலகத்தோடு பிணைந்த நிரல் 2.34-ஆவது கேட்டு நிற்கிறது. கம்பைலரின் எண்ணைப் பின்னுக்கு இழுத்தால் இது தீராது. பழைய கணினியிலேயே கட்ட வேண்டும், அல்லது 20.04 முழுவதையும் ஒரு கன்டெய்னரில் வைத்து அதற்குள் கட்ட வேண்டும். மாணவர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

ஜூலை 13, சனி

பெரிய கணிப்பு மையங்களில் நூறு பேர் நூறு பதிப்பு கேட்பார்கள். அங்கே 'மாட்யூல்' என்ற முறை 1991 முதலே உண்டு. வேண்டிய பதிப்பை ஏற்றினால், அவரவர் முனையத்தின் தேடுபாதையில் மட்டும் அது முன்னால் வந்து நிற்கும். பக்கத்து ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஆய்வகத்துக்கு அவ்வளவு வேண்டாம் என்று பொறுப்பாளர் முடிவு செய்தார். மேக் கோப்பின் தலையில் கம்பைலரின் பெயரை எண்ணோடு ஒரு முறை எழுதிவிட்டு, உள்ளே எல்லா இடத்திலும் அதையே சுட்டச் செய்தார். பத்து நிமிட வேலை. புதன்கிழமை இதைச் செய்திருக்கலாம்.

சீமேக் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை எழுதிச் சுவரில் ஒட்டினார். சீமேக் முதல் முறை பார்த்த கம்பைலரை நினைவில் வைத்துக்கொள்ளும். பதிப்பை மாற்றினால் பழைய பில்டு கோப்புறையை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மதியம் மாணவி ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். இடப்பக்கம் டர்போ சி++ 3.0, இன்ட் 16 பிட், விடை -25216. வலப்பக்கம் ஜிசிசி 11, இன்ட் 32 பிட், விடை 40320. அவர் இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டார்.