பீங்கான் ஊரில் ஒரு பிளாஸ்டிக் குடம்

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: பீங்கான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. பொம்மைகள், மின்கம்பிக்கான இன்சுலேட்டர்கள், பழைய வீடுகளின் மெயின் போர்டில் இருக்குமே, அந்த வெள்ளை ஃபியூஸ் கேரியர்கள்... இவையெல்லாம் அங்குள்ள சின்னச் சின்னப் பட்டறைகளில் தயாரானவை.

அப்படி ஒரு பட்டறையில், அச்சில் அழுத்தி எடுத்த ஃபியூஸ் கேரியருக்குப் பிசிறு நீக்கும் வேலை பார்த்தார் ஓர் அம்மா. இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீடுகளுக்கு எம்.சி.பி. வந்தது. கம்பி கட்ட வேண்டாம், விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும். அதன் உடம்பு பிளாஸ்டிக். பீங்கானுக்கு ஆர்டர் குறைந்தது. அவருக்கு வேலை நாள் குறைந்தது.

பிளாஸ்டிக் மேல் கோபப்பட அவருக்குக் காரணம் உண்டு. ஆனால், அவர் வீட்டு வாசலில் நான்கு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேத்தி ஒருநாள் அவற்றைக் காட்டிக் கேட்டாள்.

"ஆயா, பிளாஸ்டிக் பூமிக்கு ஆகாதாம். டீச்சர் சொன்னாங்க. இதெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?"

"தூக்கிப் போட்டாத்தாண்டி அது குப்பை. வீட்ல இருக்கிற வரைக்கும் அது கொடம்."

பித்தளைக் குடம் காலியாக இருக்கும்போதே கனக்கும். மண்குடம் கால் தடுக்கினால் போச்சு. பதினைந்து லிட்டர் தண்ணீர் என்றால் பதினைந்து கிலோ. அதோடு குடத்தின் எடையையும் சுமந்தவர்களுக்குத்தான் பிளாஸ்டிக் குடத்தின் அருமை தெரியும்.

பிளாஸ்டிக்கின் கதையே இப்படி ஓர் உபகாரத்தில்தான் ஆரம்பித்தது. பில்லியர்ட்ஸ் பந்து செய்யத் தந்தத்துக்குப் பதிலாக ஒரு பொருளைத் தேடியபோதுதான், 1869-ல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாத் செல்லுலாய்டை உருவாக்கினார். 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பேக்கலைட், மின்சாரம் கடத்தாத பொருளாகச் சந்தைக்கு வந்தது. பீங்கானுக்குப் போட்டி அன்றே தொடங்கிவிட்டது. இன்று ஊசி, ரத்தப் பை, சலைன் பாட்டில் இல்லாத ஆஸ்பத்திரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

மறுபக்கமும் இருக்கிறது. 1950-ல் உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். இப்போது ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். 2015 வரை குப்பைக்குப் போனதில் மறுசுழற்சி ஆனது 9 சதவிகிதம்தான். மீதியில் பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் துகள் துகளாக உடைகிறதே தவிர, மக்குவதில்லை. பி.வி.சி. கலந்த குப்பையைத் தெருமுனையில் கொளுத்தினால் டயாக்சின் என்ற நஞ்சு காற்றில் கலக்கும்.

அதனால்தான் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை போட்டது. கேரி பேக், கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் போன்றவை அதில் அடங்கும். பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு கொடுத்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. ஆயா சொன்னதும் ஏறக்குறைய இதே கணக்குதான். குடத்துக்குத் தடை இல்லை. பத்து நிமிடத்தில் குப்பையாகும் பைக்குத்தான் தடை.

அப்படியென்றால் பீங்கான் முழுக்க நல்ல பிள்ளையா? அதுவும் இல்லை. அது வேக, சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உடைந்தால் மறுபடி களிமண் ஆகாது. கனடாவின் மார்ட்டின் ஹாக்கிங் என்ற வேதியியல் பேராசிரியர் 1994-ல் ஒரு கணக்குப் போட்டார். செய்வதற்கும் கழுவுவதற்கும் ஆகும் எரிசக்தியைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு பீங்கான் கப்பை 39 தடவையாவது பயன்படுத்தினால்தான் அது பேப்பர் கப்பை ஜெயிக்கும். தெர்மாகோல் கப்பை ஜெயிக்க 1,006 தடவை!

பயப்பட வேண்டாம். தினம் ஒரு காபி குடித்தாலே மூன்று வருடத்துக்குள் அந்த எண்ணிக்கை வந்துவிடும். எரிசக்தி ஒரு கணக்கு. சாக்கடை அடைப்பது இன்னொரு கணக்கு. பீங்கான் கப் அலமாரியில் இருக்கும்; தெர்மாகோல் கப் அன்றைக்கே சாக்கடைக்குப் போய்விடும்.

விருத்தாசலத்தின் ஃபியூஸ் கேரியருக்குப் பழைய காலம் திரும்பப் போவதில்லை. பாதுகாப்பும் வசதியும் தரும் எம்.சி.பி.யை யாரும் கழற்றப் போவதில்லை; கழற்றவும் கூடாது. ஆனால், ஒரு நாள் விசேஷத்துக்கு வாங்கி எறியும் கப்புக்கும் தட்டுக்கும் பதிலாக, வருடக்கணக்கில் உழைக்கும் பாத்திரத்தை எடுக்கலாம். கொலுவுக்குப் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பதில் ஒரு பீங்கான் பொம்மை வாங்கலாம். அதில் ஏதோ ஒரு சூளைக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது.

கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, எதனால் செய்தது என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்வது நல்லது: இதை எத்தனை தடவை பயன்படுத்தப் போகிறோம்? பதில் "ஒரே தடவை" என்றால், அது எதனால் செய்ததாக இருந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும்.