மழைநாள் விடுமுறை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழைக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஷா ஆலம் ஐ-சிட்டி கேளிக்கைப் பூங்காவுக்கு நாங்கள் சென்ற அன்று இடி முழங்கியதும், நீர்விளையாட்டுக் குளத்திலிருந்து அனைவரையும் கரையேறச் செய்தனர். மின்னலின்போது நீரில் நிற்பது ஆபத்தன்றோ? பிள்ளைகளின் முகந்தான் வாடிற்று.

பனியரங்கினுள் புகுந்தோம். சுழியத்துக்குக் கீழ் 5 பாகைக் குளிர்! வெளியே இலவசமாகக் கொட்டிய குளிரை விடுத்து, காசு கொடுத்து நடுங்கினோம்.

அம்மா உள்ளே வரவில்லை. தாழ்வாரத்தில் அமர்ந்து மழையையே பார்த்திருந்தார். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான இந்நகர், முன்பு சுங்கை ரெங்கம் என்னும் தோட்டப்புறம். அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால், பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

“மழை பெஞ்சாதான் பிள்ளைங்களோட இருப்போம். அடுப்புலதான் ஒன்னும் இருக்காது” என்றார்.

திரும்பிவந்த பிள்ளைகள் கதை கேட்கச் சூழ்ந்துகொண்டனர். வெட்டுக்கோடு எவ்வாறு சாய்ந்திருக்கும் என்பதை ஈரத் தரையில் விரலால் வரைந்து காட்டினார். மழை ஓய்ந்தது. விளக்குகளாலான செயற்கை மரங்கள் ஒளிர்ந்தன. இளையவன் ஒன்றைச் சுட்டினான்:

“பாட்டி, இதுல எங்க வெட்டுவீங்க?”