இரு பியட் வண்டிகள்

மோட்டார் வண்டியின் சிறப்பை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அதன் வேகத்தையே முதலிற் கூறுவர். வேகம் வேண்டியதே. ஆயினும், அவ்வண்டி எந்தச் சாலையில், யாரைச் சுமந்து ஓடுகிறது என்று கேட்டாலன்றி அதன் தரம் விளங்காது. இதனை யான் இளமையிலேயே உணர நேர்ந்தது.

1960களில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தந்தையார் பெரிய கிராணியாரின் மோட்டார் ஓட்டுநராயிருந்தார். அவ்வண்டி இத்தாலி நாட்டுப் பியட் 1100. தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் அதே கம்பெனியாரின் 600 ஒன்று, பழையதாய் வாங்கியது, இருந்தது. சிறுவர்களாகிய நாங்கள் அதனைத் 'தவளை' என்று எள்ளுவோம்.

இரண்டையும் அமைத்தவர் டாந்தே ஜியாகோசா என்னும் பொறியியலறிஞரே. 1953இல் வெளிவந்த 1100க்கு 1089 சி.சி. எஞ்சின் முன்புறத்தில் உண்டு. விசையோ பின் சக்கரங்களுக்குச் செல்லும். 1955இல் வந்த 600க்கு 633 சி.சி. எஞ்சின் பின்புறத்திலேயே அமைந்தது. தார்ச்சாலையில் முன்னது மணிக்கு 70 மைலைத் தொடும். பின்னது 60ஐ எட்டவே மூச்சு வாங்கும். வளைவிலும் 1100 நிதானமானது. 600இலோ, விரைந்து வளைவினுள் நுழைந்து திடீரென வேகத்தைத் தளர்த்தினால், பின்பாரத்தால் வால் வெளிப்புறம் வீசும். ஆகவே 1100ஏ மேலென்பது எவர்க்கும் தோன்றும்.

மழைக்காலத்து ஓரிரவு என் அன்னைக்குப் பிரசவ வேதனை கண்டது. குழந்தை குறுக்கே கிடப்பதாகவும், உடனே ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்றும் மருத்துவச்சி கூறினார். கிராணியார் மறுப்பின்றி வண்டியைத் தந்தார். ஆனால் லயத்தை அடுத்த செம்மண் மேட்டில் அது ஏறவில்லை. எஞ்சினின் பாரம் முன்னேயிருக்க, பின் சக்கரங்கள் சேற்றில் வீணே சுழன்றன. தந்தையார் ஆசிரியர் வீட்டுக்கு ஓடினார். தவளை வந்தது. எஞ்சினின் பாரம் பின் சக்கரங்களின் மேலேயே அழுந்தியதால் அவை மண்ணைப் பற்றின, வண்டி மேடேறிற்று. தார்ச்சாலையில், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னரே வேகங்குறைத்து, விடியுமுன் தந்தையார் ஈப்போவை அடைந்தார். அன்னையும் தங்கையும் பிழைத்தனர்.

இரண்டில் எது சிறந்ததென்று பின்னாளில் கேட்டவர்க்குத் தந்தையார், "தார்ச்சாலைக்கு 1100, நம்ம மேட்டுக்கு 600" என்பார்.

அவ்விடை சரியே. எனினும் எனக்கு வேறொரு கேள்வி எழுகின்றது. பால் லாரி ஆலைக்குச் செல்லும் பாதையில் ஆண்டுதோறும் கல் கொட்டினார்கள். அப்பால் எடுத்த மக்கள் வாழ்ந்த லயத்துப் பாதையோ வெறும் மண்ணாகவே கிடந்தது. நான்கு லாரிக் கல் அங்கும் விழுந்திருந்தால், அன்றிரவு எந்த வண்டியும் ஏறியிருக்கும். வண்டிகளை ஒப்பிட்டோம், பாதைகளை ஒப்பிட ஏனோ மறந்தோம்.