வண்டுச் சத்தமும் இரண்டு கம்பிகளும்

எங்களிடம் ஒரு பழைய எஞ்சின் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், 2.5 சிசி. வெளிநாட்டில் இருக்கிற உறவினர் ஒருவர் றிமோட் விமானம் பறக்கவிட்ட காலத்தில் வாங்கியது. பல வருசம் பெட்டிக்குள் கிடந்து இறுகிப்போய்த்தான் ஜெயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. றிமோட் கருவி வாங்க எங்களிட்டக் காசில்லை. கம்பியில் பறக்கவிடுவம் என்று முடிவெடுத்தோம்.

கம்பி விமானத்தை எங்கட பக்கத்தில் கனபேர் கண்டிருக்க மாட்டினம். விமானத்தின் இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் வரும். பறக்கவிடுபவர் வட்டத்தின் நடுவில் கைபிடியோடு நிற்பார். கைபிடியைச் சாய்க்கிற பக்கத்தைப் பொறுத்து வால் இறக்கை அசையும். விமானம் ஏறும் அல்லது இறங்கும். மற்றும்படி அது அவரையே சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஜிம் வோக்கர் என்பவர் 1940களில் இதைப் பரப்பினார். இந்தியாவில் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு இது ஒரு பயிற்சி.

இதற்காக எஞ்சினை மாற்றுவதென்றால் புதிதாகச் சேர்ப்பது குறைவு, கழற்றுவதுதான் கூட. கம்பி விமானத்துக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை பெரும்பாலும் இல்லை. எரிபொருள் முடியும்வரை ஒரே வேகம்தான். ஆகவே காபரேற்றரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நடுவில் துளையுள்ள ஒரு அலுமினியக் குழாய்த்துண்டும் ஒரு ஊசி வால்வும் வைக்க வேண்டும். துளை முந்தியதை விடச் சின்னதாக இருக்க வேண்டும். றிமோட் எஞ்சின்களில் பெரும்பாலும் சைலன்சரின் அழுத்தம் எரிபொருளைத் தள்ளிக் கொடுக்கும். இங்கே எஞ்சின் தானே உறிஞ்ச வேண்டும். துளை சின்னதென்றால் காற்று வேகமாகப் போகும், உறிஞ்சலும் கூடும். விமானம் வட்டமடிக்கும்போது எரிபொருள் ராங்கியின் வெளிப்பக்கம் ஒதுங்குவதால், உறிஞ்சும் குழாயும் அந்தப் பக்கத்துப் பின்மூலையில்தான் இருக்க வேணும். அலுமினியத் துண்டைக் கிளிநொச்சியில் லேத்தில் கடைந்து எடுத்தோம்.

இறுகிப்போனதற்குக் காரணம் ஆமணக்கெண்ணெய். இந்த எஞ்சினுக்கு எரிபொருள் 80 பங்கு மெதனோல், 20 பங்கு ஆமணக்கெண்ணெய். சின்ன வயசில் பேதிக்குக் குடிக்கத் தந்த அதே எண்ணெய்தான். முதலாம் உலகப்போர் விமானங்களில் சுழலும் எஞ்சின்களுக்கும் இதைத்தான் விட்டார்கள். பழைய எஞ்சினுக்கு இது நல்ல காவல், ஆனால் காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஒட்டிவிடும். ரேடியேற்றருக்கு விடுகிற கூலன்றைச் சூடாக்கி, அதுக்குள்ள ஊறவைத்துத்தான் இளக்கினோம்.

ஊசி வால்வை எவ்வளவு திறப்பது என்பது காதால் பிடிக்க வேண்டிய விசயம். அதற்கு எங்கட ஊர் மெக்கானிக் ஐயாவைக் கூப்பிட்டோம். அவர் இப்படி ஒரு எஞ்சினைத் தொட்டதே இல்லை. ஆனால் 1990இல் தொடங்கி 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் ஒருவர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரி பிடிக்கும், புகை தள்ளும், ஆனாலும் ஓடும். எந்த நேரம் மாற்றுவது என்று கேட்டோம். "சத்தம் சொல்லும் தம்பியவை" என்றார். எங்கட எஞ்சினுக்கும் அவர் அப்படித்தான் ஊசியைத் திருப்பினார். முதலில் கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் விட்டுக் கரகரவென்று ஓடவைத்து, சத்தம் மெலிந்து கூர்மையாகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நாங்கள் கனநேரம் கதைத்தோம். வன்னியில் மேலே கேட்கிற எஞ்சின் சத்தங்களுக்கு எல்லாம் பெயர் உண்டு. கிபிர், பொம்மர், வண்டு. வண்டு என்பது ஆளில்லா வேவு விமானம். அது வந்து சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். 2008இல் இந்த ஊர் இடம்பெயர்ந்தபோது எங்களில் சிலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. எங்களுக்கு அது கேள்விப்பட்ட கதை, எங்கட அம்மாக்களுக்குக் காதில் இருக்கிற சத்தம். ஒரு சின்ன எஞ்சின் வானத்தில் ஒரே வேகத்தில் சுற்றினால், தூரத்தில் நிற்கிறவருக்கு அது வண்டுதான். சிலர் "இனி அதுக்கெல்லாம் பயப்பிடுகினமோ" என்றார்கள். சிலர் விமானமே வேண்டாம் என்றார்கள்.

கடைசியில், பறக்கவிடுவது, ஆனால் முதல்நாளே பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்வது என்று தீர்மானித்தோம். மின்கம்பிகள் இல்லாத வெளியைத் தெரிந்து, பின்னேரம், ஆக்கள் வந்து பார்க்கக்கூடிய நேரத்தில் வைத்தோம். சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், அந்த நேரம் தான் முழங்காவில் பக்கம் போய்விடுவதாக ஒரு அம்மா சொன்னா. அதையும் நாங்கள் பதிலாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கம்பி 15 மீற்றர். ஒரு சுற்றுக்கு ஐந்து செக்கன் அளவில் போனது. கை முழுக்க அதன் இழுவை தெரியும். கம்பி தளர்ந்தால் விமானம் நம்முடையதில்லை. பார்க்க வந்த ஒரு ஆச்சி மேலே பார்க்கவில்லை, கைபிடியையே பார்த்துக்கொண்டு நின்றா. "பிடிச்சிருக்கிறவன் விட்டால்?" என்று கேட்டா. விழுந்திடும் ஆச்சி என்றோம். "அப்ப சரி" என்றா.

இந்த வானத்தில் பறந்தவற்றின் கைபிடி ஒருநாளும் ஆச்சியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததில்லை. ஆர் பிடித்திருக்கிறார் என்று தெரிகிற ஒரு எஞ்சினை ஊருக்கு நடுவில் சுற்றவிடலாம் என்று இப்போது நினைக்கிறோம். முழங்காவிலுக்குப் போன அம்மா திரும்பி வந்து, முடிஞ்சுதோ என்று கேட்டா. அடுத்தமுறை சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் குறைக்கலாமா என்று மெக்கானிக் ஐயா யோசித்துக்கொண்டிருக்கிறார்.