நான்குமாலில் என் பெயர்

ஜனவரி 6

காலைப் பேப்பரின் உள்பக்கத்தில் என் பெயர் வந்திருக்கிறது. எந்த வங்கிக்கும் நான் ஒரு பைசா பாக்கி இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வங்கி கொடுத்த சுவாதீன அறிவிப்பில், "கிழக்கே இன்னார் வீடு" என்று நான்குமால் சொல்லும் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். மேலே கடன் வாங்கியவர், அவர் மனைவி, ஜாமீன் போட்ட மைத்துனர், மூவரின் பெயரும் முகவரியும். பக்கத்தில் அசல், வட்டி, செலவு. டீக்கடையில் பேப்பர் கைமாறி முடிவதற்குள் திருத்தங்கல் முழுக்கத் தெரிந்துவிடும்.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றுவதற்கான 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி விதிகளின்படி, சுவாதீனம் எடுத்த ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும்; அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். வாசலிலும் ஒட்ட வேண்டும். விவரம் தெரியாமல் அந்த வீட்டை வாங்க வருகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இதில் எனக்குச் சண்டை இல்லை. எல்லை சொல்லத்தான் வேண்டும், ஆனால் சர்வே எண்ணும் தெருவும் போதாதா என்பதுதான் என் கேள்வி.

ஜனவரி 19

மூன்றாவது தெருப் பெண் வந்திருந்தாள். புருஷனும் அவளும் ஒரே பட்டாசு ஆலையில் வேலை. அங்கே விபத்து நடந்து லைசென்ஸை நிறுத்திவைத்ததில் வேலை போய், வீட்டு லோன் டியூ நின்றிருக்கிறது. இப்போது வேறு ஆலையில் சேர்ந்துவிட்டார்கள். வசூலுக்கு வந்தவன் வீட்டுக்கு வராமல் நேரே ஆலை கேட்டுக்குப் போய், போர்மேனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"அண்ணாச்சி, கடன் வாங்கினது நாங்க. போர்மேன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? இனி அட்வான்ஸ் கேட்டா குடுப்பாரா?"

பணக்கணக்கு தெரிந்த கேள்வி. இந்த வட்டாரத்தில் முன்பணம் கிடைப்பதே வாய்ச்சொல்லின் நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு டியூவை எதிலிருந்து கட்டச் சொல்கிறார்கள்? 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பட்டாசில் பேரியம் சேர்ப்பதற்கும் தடை போட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அப்போது எத்தனை வீட்டில் தவணை தவறியிருக்கும்! அவர்களெல்லாம் ஏய்ப்பவர்களா?

2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது தெளிவாகவே இருக்கிறது: கடன்காரரைப் பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. ஆலை கேட்டில் நின்று கதை பேசலாம் என்று அதில் எங்கும் இல்லை.

பிப்ரவரி 2

பழைய தீர்ப்புகளைப் புரட்டினேன். 2006-ல் ஸ்டேட் வங்கி வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம், தவணை தவறியவர்களின் போட்டோவைப் பத்திரிகையில் போட வங்கிக்குத் தடையில்லை என்றது. கட்டாமல் இருக்க அவர்கள் புதுவழி தேடினால், வசூலிக்க வங்கியும் புதுவழி தேடலாம் என்ற போக்கில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் எழுதியிருந்தார். 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகச் சொன்னது. அதே நீதிமன்றம் 2024 டிசம்பரில், செம்பழந்தி விவசாயக் கூட்டுறவுச் சங்கம் அலுவலக வாசலில் வைத்த, தவணை தவறியவர்களின் பெயர், போட்டோ போர்டையும் கூடாது என்றது. நடுவே 2016-ல் ரிசர்வ் வங்கி, வேண்டுமென்றே ஏய்ப்பவர் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டவர் போட்டோவை மட்டும் போடலாம் என்று வரம்பு கட்டியது. 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது.

எனக்குக் கேரளம் சொன்னதே சரியாகப் படுகிறது. சொத்தைத்தான் அடமானம் எழுதிக்கொடுக்கிறோம், முகத்தை அல்ல. வங்கியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்றே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள். வசூல் ஏஜென்சிப் பையனிடம் அப்படி ஒன்று வாங்குகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி 11

இன்டர்நெட் சென்டரில் ஒருவன் பெண் பார்க்கப் போகும் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிவுத்துறைத் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பத்திரம் வைத்து எந்த வங்கியில் எவ்வளவு வாங்கியது என்பதுவரை வரும். ஆக, கடன் வாங்கியது ஒன்றும் ரகசியம் இல்லை. தவணை தவறியது மட்டும் வில்லங்கத்தில் வராது. அதுதான் வங்கிக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய சங்கதி. 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூடத் தவறியவரின் சொத்து விவரத்தை வங்கி தேடி அறிய விலக்குத் தருகிறதே தவிர, ஊருக்குச் சொல்லி வர விலக்குத் தரவில்லை.

பிப்ரவரி 20

மூன்றாவது தெருப் பெண்ணுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். இதைப் படிப்பவர் வீட்டுக்கும் ஆகும். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். பிறகு 60 நாள் கெடுவோடு நோட்டீஸ் வரும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், வங்கி 15 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏஜென்ட் வேறு யாரிடமாவது சொன்னால், சொன்ன நாள், நேரம், போன் நம்பரைக் குறித்து முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.