கோட்டின் மேல் எழுதும் சொல்

நர்சிங் முதலாண்டுப் பாடத்தில் செரிமான மண்டலம் ஓர் அத்தியாயம், சிறுநீர் மண்டலம் வேறோர் அத்தியாயம். முதலாவதைத் தேர்வெழுதி மறந்த பிறகுதான் பலருக்கு இரண்டாவது தொடங்குகிறது. வார்டில் படுத்திருப்பவரின் உடம்புக்கு அத்தியாயம் கிடையாது. அதனால் இரண்டையும் ஒரே சார்ட்டில் கருத்து வரைபடமாக வரையச் சொல்கிறேன்.

1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு, பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறிவருகிறது என்பதைப் பதிவுசெய்ய உருவாக்கிய முறை இது. பெட்டிக்குள் ஒரு கருத்து. இரண்டு பெட்டிக்கு நடுவே கோடு. கோட்டின் மேல் ஒரு சொல். சேர்த்து வாசித்தால் வாக்கியம் வரவேண்டும். மாணவிகள் விட்டுவிடுவது அந்தச் சொல்லைத்தான். உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று அம்புக்குறி மட்டும் போட்டால் அது பஸ் ரூட்.

சொல்லை எழுதச் சொன்னால் குழப்பம் தானாக வெளியே வரும். சிறுநீரகத்திலிருந்து யூரியாவுக்குக் கோடிழுத்து ‘உண்டாக்குகிறது’ என்று எழுதுபவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. வெறும் கோடாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. யூரியாவை உண்டாக்குவது பெரும்பாலும் கல்லீரல். அமினோ அமிலங்கள் சிதையும்போது வரும் அமோனியாவை அது யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. திருத்திய கோடு சார்ட்டின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குத் தாண்டிவிடும். இப்படித் தாண்டுகிற கோடுகளுக்குத்தான் நான் மதிப்பெண் தருகிறேன். ஸ்கெட்ச் பேனா அலங்காரத்துக்கு இல்லை.

எனக்குப் பிடித்த தாண்டல் பிலிரூபின். பழைய சிவப்பணுக்கள் சிதைந்து வரும் அதைக் கல்லீரல் நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே பாக்டீரியா அதை யூரோபிலினோஜனாக்குகிறது. பெரும்பகுதி மலத்தோடு போய் அதற்குப் பழுப்பு நிறம் தருகிறது. கொஞ்சம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகம் சேர்ந்து சிறுநீருக்கு மஞ்சள் தருகிறது. பித்த நாளத்தைக் கல் அடைத்தால் மலம் களிமண் நிறமாக வெளுக்கும், சிறுநீர் கறுக்கும் என்று பாடநூல் சொல்லும். ஒரு மாணவி தன் சார்ட்டில் விரல் வைத்துக் கேட்டாள்:

“பித்தம் குடலுக்கே போகலைன்னா சிறுநீரும் வெளுக்கத்தானே மேடம் வேணும்?”

அவள் வரைந்தவரைக்கும் அது சரியான கேள்வி. இல்லாதது ஒரு கோடு: கல்லீரலிலிருந்து நேரே ரத்தத்துக்கு, ‘தேங்கித் திரும்புகிறது’ என்ற சொல்லோடு. நீரில் கரையும் பிலிரூபின் என்பதால் சிறுநீரகம் அதை வடிகட்டிவிடுகிறது, கறுப்பு அதனுடையது. மனப்பாடம் செய்தவளுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

வயிற்றுப்போக்கும் அப்படித்தான். குடலில் நீர் இழந்தால் சிறுநீர் ஏன் குறைகிறது என்று கேட்டால், நடுவில் ரத்த அளவு, சிறுநீரைக் குறைக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் என்று பெட்டிகள் தாமாக முளைக்கும்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. சிறுநீரகத்திலுள்ள ஹென்லே வளைவைப் பெட்டியும் கோடுமாகப் போட்டால் பாதி விஷயம் தொலைந்துபோகும். அங்கே எந்த ஆழத்தில் எவ்வளவு செறிவு என்பதுதான் பாடமே. அதற்கு வளைவின் படத்தையே வரைந்து, சுற்றியுள்ள திசுவில் மேலே 300, அடியில் 1200 மில்லிஆஸ்மோல் என்று பென்சிலால் குறிக்கச் சொல்கிறேன்.