இரவல் மொழியில் ஓர் ஆய்வு

தாம்பரத்திற்கு நாங்கள் குடிவந்தது என் படிப்பை முன்னிட்டே. மதுராந்தகத்திற்கு அருகிலிருந்த ஒன்றரைக் காணி நன்செய்யை விற்றுவிட்டு, சேலையூரில் வாடகைக்கு வீடு பிடித்தார் அப்பா. இலத்தீன் பாடல்களைப் பொருளறியாமலே கோவிலில் பிழையின்றிப் பாடக்கூடியவர் அவர்.

ஆய்வு மாணவனானபோது, முல்லைத் திணையையும் உரோமைக் கவிஞர் வெர்ஜிலின் ஆயர் பாடல்களையும் ஒப்பிடத் துணிந்தேன். தனிநாயகம் அடிகளார் காட்டிய வழி அது. உரோமையில் பயின்று 1938இல் அங்கேயே குருவானவர் அடிகளார். சங்க இலக்கியத்தை ஆழ்ந்து கற்றதோ வடக்கன்குளத்திற்கு ஆசிரியப் பணியாற்ற வந்த பின்னர்தான். பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடம் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு, பிற்பாடு ‘லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்னும் நூலாக விரிந்தது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு தமிழை அதில் அவர் ஒப்பிடுகிறார். இலத்தீனைக் கற்றுவிட்டுத் தமிழுக்கு வந்தவர் அவர். நானோ தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, வெர்ஜிலை ஆங்கில மொழிபெயர்ப்பில் இரவல் வாங்கினேன். அதுவும் எனக்கு வேண்டிய பகுதிகளை மட்டும்.

ஆடு, குழல், மரநிழல், மாலைப்பொழுது என ஒற்றுமைகளை அடுக்கினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் மென்மையாகக் கேட்டார்: “முல்லையில் தலைவி காத்திருக்கிறாள், தலைவன் வீடு திரும்புகிறான். வெர்ஜிலின் முதற்பாடலில் வரும் மெலிபேயுஸ் எங்கே போகிறான், தம்பி?” எனக்கு விடை தெரியவில்லை. பட்டம் கிடைத்தது, அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

மெலிபேயுஸ் ஊரைவிட்டே போகிறான். கி.மு. 42இல் பிலிப்பியில் நடந்த போருக்குப் பின் (திருத்தூதர் பவுல் பின்னாளில் திருமுகம் எழுதினாரே, அதே பிலிப்பிதான்), வென்றோர் தம் படைவீரர்களுக்கு வழங்குவதற்காக இத்தாலியக் குடியானவர்களின் நிலங்களைப் பறித்தனர். நிலமிழந்தவர்களுள் ஒருவன் அவன். அவனுடைய ஆடொன்று வழியிலே இரட்டைக் குட்டிகளை ஈன்று, அவற்றை வெறும் பாறைமேல் விட்டுவிட்டு வருகிறது.

பணி ஓய்வுக்குப் பின், இலக்கண நூலும் அகராதியுமாக இலத்தீன் கற்கத் தொடங்கினேன். அந்த அடியை மூலத்தில் எட்டிய மாலையில், நிலம் பத்திரப்பதிவான நாள் நினைவுக்கு வந்தது. பசுவையும் கன்றையும் வாங்கியவர் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டு, அப்பா திரும்பிப் பாராமல் நடந்தார். நான் பேருந்தில் சன்னலோர இடம் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆடு அதில் இல்லை. ‘இயற்கை வருணனை’ என்ற தலைப்பின்கீழ் பாறையை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

முதற்பாடலில் மொத்தம் 83 அடிகள். நாளொன்றுக்கு இரண்டு அடியாகப் படித்து அறுபதைத் தாண்டியிருக்கிறேன். அப்பா பாடிய பாடல்களின் சொற்கள் சில, இடையிடையே பொருளோடு வந்து நிற்கின்றன.